நட்சத்திர வளிமண்டல மாதிரியும் கமராவில் விழுந்த ஒளியும் ஏன் ஒட்டவில்லை?

கல்முனையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி கேட்ட கேள்வி இது. மாரி மழை ஓய்ந்ததும் வீட்டு மாடியில் நின்று திருவாதிரை நட்சத்திரத்தின் நிறமாலையை எடுத்திருக்கிறார். கையில் இருந்தவை 80 மில்லிமீற்றர் தொலைகாட்டி, ஒளியை நிறங்களாக விரிக்கும், மில்லிமீற்றருக்கு 100 கோடு கொண்ட ஸ்டார் அனலைசர் கிரேட்டிங், ஒரு கறுப்பு வெள்ளைக் கமரா. பிறகு 3,600 கெல்வின் வெப்பநிலைக்குக் கணினியில் கணக்கிட்ட மாதிரி நிறமாலை ஒன்றை இணையத்திலிருந்து இறக்கித் தன் வரைபின்மேல் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒட்டவே இல்லை. 4,500 கெல்வின் மாதிரிதான் ஓரளவு கிட்ட வருகிறது. "எல்லா இடத்திலும் 3,600க்குக் கிட்டத்தான் போட்டிருக்கு. பிழை மாதிரியிலா, என்னிடமா? செயற்றிட்ட அறிக்கையில் எந்த வெப்பநிலையை எழுதுவது?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, உங்கள் அவதானிப்பும் அந்த மாதிரியும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கல் ஒப்பிட்ட விதத்தில் இருக்கிறது. மாதிரி சொல்வது, நட்சத்திரத்தின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்ரிமீற்றரை விட்டு ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு சக்தி வெளியேறுகிறது என்பதை. உங்கள் கோப்பில் இருப்பதோ, அந்த ஒளி விண்வெளித் தூசியைத் தாண்டி, கல்முனைக் கடற்கரையின் ஈரக்காற்றைத் தாண்டி, வில்லை, கிரேட்டிங், கமராச் சில்லு எல்லாவற்றையும் கடந்து முடிந்த பிறகு எஞ்சிய இலத்திரன் எண்ணிக்கை. வயலில் அறுத்த நெல்லின் நிறையையும் பானையில் வடித்த சோற்றின் நிறையையும் பக்கத்தில் வைத்து எது பிழை என்று கேட்பது போன்றது இது. மாதிரி ஒளியை எடுத்து, உண்மையான ஒளி பட்டதையெல்லாம் அதையும் படவிட்டு, கமரா வரைக்கும் கொண்டுவந்து அங்கே ஒப்பிட வேண்டும். இந்த வேலையின் மையம் இதுதான். கீழே வருவதெல்லாம் இதன் விரிவு.

முதலில் மாதிரி எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். அது தெரியாமல் அதை எங்கே நம்புவது, எங்கே சந்தேகிப்பது என்று தெரியாது.

நட்சத்திரத்தின் வெளிப்படலத்தைப் பல மெல்லிய அடுக்குகளாக எண்ணிக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து கொடுப்பவை முக்கியமாக மூன்றுதான்: வெப்பநிலை, மேற்பரப்பு ஈர்ப்பு, மூலகங்களின் விகிதம். இங்கே வெப்பநிலை என்றால், ஒரு சதுர சென்ரிமீற்றரிலிருந்து அதே மொத்தச் சக்தியை வெளியிடும் கரும்பொருளின் (தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் இலட்சியப் பொருளின்) வெப்பநிலை. சூரியனுக்கு அது 5,772 கெல்வின். பிறகு இரண்டு நிபந்தனைகள் வைக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்கிலும் மேலே உள்ள வாயுவின் பாரத்தை அமுக்கம் தாங்க வேண்டும். உள்ளே இருந்து வரும் சக்தி எந்த அடுக்கிலும் தேங்காமல் வெளியே போக வேண்டும். இந்த இரண்டும் நிறைவேறும்வரை வெப்பநிலையையும் அமுக்கத்தையும் கணினி திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகும். அது ஒரு நிலைக்கு வந்த பிறகு, அந்த அடுக்குகளினூடாக ஒளி எப்படி வெளியேறும் என்று ஒவ்வோர் அலைநீளத்துக்கும் கணக்கிடுவார்கள். உங்கள் கையில் கிடைத்த நிறமாலை அதுதான்.

கேட்கும்போது எளிமையாக இருக்கும். இதன் மிக எளிமையான வடிவம்கூட நன்றாகவே வேலை செய்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. சூரியனின் பிம்பத்தைத் தொலைகாட்டியால் ஒரு வெள்ளைத் தாளில் விழுத்திப் பாருங்கள். நடு வெளிச்சமாகவும் விளிம்பு மங்கலாகவும் இருக்கும். சக்தி கதிர்ப்பாக மட்டுமே அடுக்குகளினூடாக வெளியேறுகிறது என்று வைத்து எளிமையாகக் கணக்கிட்டால், விளிம்பின் வெளிச்சம் நடுவின் வெளிச்சத்தில் 40 வீதம் என்று வரும். கார்ல் சுவார்ஸ்சைல்ட் 1906 இல் இந்த வழியில் கணக்கிட்டு அவதானிப்போடு ஒப்பிட்டார். வாயு மேலும் கீழும் புரண்டு சக்தியைக் கொண்டுவருகிறது என்ற போட்டிக் கருத்தைவிட இதுவே சூரியனோடு ஒத்துப்போனது. நட்சத்திரத்தின் உள்ளே தலை நீட்டாமல், வெளியே வந்த ஒளியை வைத்தே உள்ளே வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று சொல்ல முடியும் என்பதை அந்த ஒப்பீடு காட்டியது.

ஆனால் நிறத்துக்கு வந்தபோது கணக்கு உதைத்தது. சூரிய வாயுவில் ஒளியைத் தடுப்பது எது என்று தெரியாமல் நிறமாலையின் வடிவத்தைக் கணக்கிட முடியாது. அன்றைக்குத் தெரிந்திருந்த மூலகங்களை எல்லாம் சேர்த்தும் சூரியனின் தொடர் நிறமாலை, அதாவது மூலகங்கள் உறிஞ்சிய இருண்ட கோடுகளுக்கு இடையே தொடர்ந்து தெரியும் ஒளி, சரியாக வரவில்லை. 1939 இல் ரூபர்ட் வில்ட் ஒரு யோசனை சொன்னார். சூரியனில் சில ஐதரசன் அணுக்கள் இன்னோர் இலத்திரனைப் பிடித்துக்கொண்டு எதிரேற்ற அயனாக இருக்கும். தடுப்பது அதுதான் என்றார். அந்த மேலதிக இலத்திரன் ஒட்டியிருப்பது வெறும் 0.75 இலத்திரன் வோல்ட் பிணைப்பில். பத்துக் கோடி ஐதரசன் அணுக்களில் ஏதோ சிலதான் அப்படி இருக்கும். இவ்வளவு அரிதான ஒன்று சூரிய ஒளியின் வடிவத்தையே தீர்மானிக்குமா என்றால், ஆம், தீர்மானிக்கிறது. அந்த அயன் எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிட்டவர் நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1946 இல் ஆய்வாளர் பிரீனுடன் சேர்ந்து அவர் கொடுத்த எண்களைப் போட்டதும் சூரியனின் தொடர் நிறமாலை இடத்துக்கு வந்து அமர்ந்தது. கிண்டியதில் இன்னொன்றும் தெளிவானது. அந்த மேலதிக இலத்திரன்கள் வருவது இரும்பு, மகனீசியம், சிலிக்கன் போன்ற, வானியலாளர் உலோகம் என்றே அழைக்கும் மூலகங்களிலிருந்து. ஆகவே சூரியனைப் போன்ற நட்சத்திரத்தில் உலோகத்தின் அளவை மாற்றினால் கோடுகள் மட்டும் மாறாது, தொடர் நிறமாலையின் பின்னணியே கொஞ்சம் அசையும்.

இதை நீளமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பொருந்தாத இடம் கிடைத்ததும் மாதிரியை நட்சத்திரத்தோடு ஒட்டவைக்க எண்களைத் திருகும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்தக் காலத்து ஆட்கள் அப்படித் திருகியிருந்தால் ஐதரசன் எதிரயனைத் தவறவிட்டிருப்பார்கள்.

சரி, உங்கள் கோப்புக்கு வருவோம். நீங்கள் எந்த மாதிரியை இறக்கினீர்கள் என்று முதலில் பாருங்கள். இலவசமாகக் கிடைப்பவற்றில் கூருக்ஸின் அட்லஸ், சுவீடனின் உப்சாலாவில் வளர்ந்த மார்க்ஸ், பீனிக்ஸ் ஆகியவை பரவலானவை. அட்லஸ் மாதிரிகள் அடுக்குகளைத் தட்டையாக எடுத்துக்கொள்பவை. சூரியனுக்கு அது போதும், ஏனென்றால் சூரியனின் ஆரையோடு பார்த்தால் அதன் வளிமண்டலம் மிக மெல்லியது. திருவாதிரை அப்படியில்லை. ஊதிப்போன செம்பெருமீன் அது. வளிமண்டலம் தடிப்பானது, ஆகவே கோள வடிவில் கணக்கிட்ட மார்க்ஸ் அல்லது பீனிக்ஸ் வேண்டும். அதைவிட முக்கியமாக, கோப்பின் பெயரில் உள்ள ஈர்ப்பு எண்ணைப் பாருங்கள். அது மடக்கையில் கொடுக்கப்பட்டிருக்கும். சூரியனுக்கு 4.44. பல தளங்களில் எதையும் தெரிவு செய்யாவிட்டால் 4.5 தான் வரும். திருவாதிரைக்கு அது பூச்சியத்துக்குக் கிட்ட, அதாவது ஒரு செக்கனுக்குச் செக்கன் ஒரு சென்ரிமீற்றர் அளவு; நாங்கள் நிற்கும் தரையின் ஈர்ப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே 3,600 கெல்வினில் 4.5 என்று எடுத்தால் அது ஒரு செங்குறளியின், அதாவது சின்னஞ்சிறு சிவப்பு நட்சத்திரத்தின், நிறமாலை. சோடியம் கோடுகளும் மகனீசியம் ஐதரைட்டுப் பட்டைகளும் அதில் மிக ஆழமாக இருக்கும். திருவாதிரையோடு எக்காலமும் ஒட்டாது.

மாதிரி சரியென்றால் அடுத்தது அதைக் கீழே கொண்டுவரும் வேலை. இங்கே கல்முனைக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. திருவாதிரை வான நடுக்கோட்டிலிருந்து 7 பாகை 24 கலை வடக்கே இருக்கிறது. கல்முனையின் அகலக்கோடும் 7 பாகை 25 கலைக்குக் கிட்ட. ஆக அந்த நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் உங்கள் தலைக்கு நேர் மேலே போகிறது. பெப்ரவரி நடுப்பகுதியில் அது இரவு எட்டு மணியளவில் உச்சிக்கு வரும். ஒளி கடக்க வேண்டிய காற்றின் தடிப்பு அப்போது மிகக் குறைவு. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு ஒருபோதும் கிடையாது.

ஆனாலும் காற்று காற்றுதான். அது நீல ஒளியைச் சிவப்பைவிடக் கூடுதலாகச் சிதறடிக்கும். கடல் மட்டத்தில் ஈரமும் உப்புத் துகளும் வேறு. கூடவே, உங்கள் வரைபில் 687, 760 நானோமீற்றர் பக்கம் இரண்டு பள்ளங்கள் இருக்கும். அவை திருவாதிரையில் இல்லை, நாங்கள் மூச்சு விடும் ஒட்சிசனின் வேலை. மாதிரியில் அவை இருக்கவே மாட்டா. பொருத்தும்போது அந்த இடங்களை மறைத்துவிடுங்கள்.

4,500 கெல்வின் மாதிரி ஏன் கிட்ட வந்தது என்பதற்கு முக்கியக் காரணம் கமரா என்றுதான் நினைக்கிறேன். 3,600 கெல்வின் பொருளின் ஒளி உச்சம் 800 நானோமீற்றர் பக்கம் விழும். கமராச் சில்லின் உணர்திறன் பச்சையில் கூடுதலாக இருக்கும், அதன்பின் சிவப்புக்குப் போகப் போகக் குறையும். நட்சத்திரம் சிவப்பில் அள்ளிக் கொடுப்பதைக் கமரா பாதிதான் எண்ணும். அதனால் வரைபு சிவப்புப் பக்கம் தாழ்ந்து, நட்சத்திரம் உண்மையைவிடச் சூடானது போலக் காட்டும்.

இதைத் தீர்க்க ஒரு நல்ல வழி உண்டு. திருவாதிரைக்குப் பிறகு ஏறத்தாழ 50 நிமிடத்தில் சீரியஸ் உச்சிக்கு வரும். கல்முனையில் அது தெற்கே 66 பாகை உயரத்தில் நிற்கும். அதே இரவில், அதே தொலைகாட்டியில், கிரேட்டிங்கைத் தொடாமல் சீரியஸையும் எடுங்கள். அதன் வெப்பநிலை சுமார் 9,900 கெல்வின். மூலக்கூறுப் பட்டைகள் கிடையாது, ஐதரசன் கோடுகள்தான் ஆட்சி. அதன் மாதிரி நிறமாலையால் உங்கள் சீரியஸ் அவதானிப்பை வகுத்துப் பாருங்கள். கிடைப்பது காற்றும் தொலைகாட்டியும் கமராவும் சேர்ந்து ஒளியை என்ன செய்கின்றன என்பதன் வளையி. ஐதரசன் கோடுகள் இருக்கும் 434, 486, 656 நானோமீற்றர் பகுதிகளை விட்டுவிட்டு அதை ஒரு மென்மையான கோடாக வரையுங்கள். இனி 3,600 கெல்வின் மாதிரியை அந்த வளையியால் பெருக்கினால் அது உங்கள் கமரா பார்த்திருக்க வேண்டிய வடிவத்துக்கு வரும். இரண்டு நட்சத்திரங்களும் ஏறத்தாழ ஒரே காற்றுத் தடிப்பினூடாகத் தெரிவதால் காற்றைத் தனியாகத் திருத்தத் தேவையில்லை. அலைநீள அளவீட்டுக்கும் சீரியஸின் அதே மூன்று கோடுகள் போதும். ஒரு எச்சரிக்கை: 740 நானோமீற்றருக்கு அப்பால் கிரேட்டிங் இரண்டாம் தடவையாக விரித்துப் போடும் நிறமாலையின் (இரண்டாம் வரிசை) நீல ஒளி வந்து கலக்கத் தொடங்கும், சீரியஸ் நீலத்தில் பலமானது என்பதால் அங்கே வளையி கெட்டுப்போகும். 740 உடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு நட்சத்திரத்தின் மாதிரியை வைத்து இன்னொரு நட்சத்திரத்தின் மாதிரியைச் சோதிப்பது வட்டத்தில் சுற்றுவது ஆகாதா என்று உங்கள் மேற்பார்வையாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சீரியஸின் வெப்பநிலைக்கு மாதிரியைச் சாராத ஆதாரம் இருக்கிறது. ஒரு நட்சத்திரத்தின் கோண விட்டமும் பூமிக்கு வந்து சேரும் மொத்தச் சக்தியும் தெரிந்தால் வெப்பநிலை நேரடியாக வந்துவிடும். சூரியனில் செய்து பாருங்கள்: சதுர மீற்றருக்கு 1,361 உவாற்று, விட்டம் 32 கலை. உயர்தரத்தில் படித்த ஸ்ரெபான் விதியைப் போட்டால் 5,770 கெல்வின் அளவில் வரும். சீரியஸின் கோண விட்டத்தை 1956 இல் ஹன்பரி பிரவுணும் ட்விஸ்ஸும் இராணுவத் தேடொளி விளக்குகளின் ஆடிகள் இரண்டை வைத்து அளந்தார்கள். அது ஒரு விகலையில் ஆயிரத்தில் ஆறு பங்கு. பிறகு ஹன்பரி பிரவுண் அவுஸ்திரேலியாவின் நரப்ராயில் பெரிய கருவி அமைத்து 32 நட்சத்திரங்களின் விட்டத்தை அளந்து 1974 இல் வெளியிட்டார். சூடான நட்சத்திரங்களின் மாதிரிகளுக்கு உரைகல்லாக அமைந்தது அந்தப் பட்டியல்தான்.

அதற்காக எந்தப் பிரகாசமான நட்சத்திரத்தையும் உரைகல்லாக எடுத்துவிட முடியாது. வேகா, நம் மரபில் அபிஜித், பல பத்தாண்டுகளாக வானத்தின் அளவுகோலாக இருந்தது. ஒரே வெப்பநிலை கொண்ட எளிய நட்சத்திரம் என்று நினைத்துத்தான் மாதிரி செய்தார்கள். ஆனால் அதன் சில மெலிந்த உலோகக் கோடுகளின் அடி கூராக இல்லாமல் தட்டையாக இருந்தது. எந்த மாதிரியும் அந்தத் தட்டையைக் கொடுக்கவில்லை. வேகா வேகமாகச் சுழல்கிறது, அதன் துருவம் எங்களை நோக்கி இருப்பதால் சுழற்சி கோடுகளில் தெரியவில்லை என்று 1994 இல் விளக்கம் வந்தது. 2006 இல் பல தொலைகாட்டிகளை இணைத்து அளந்தபோது அது உறுதியானது. துருவம் 10,000 கெல்வின் அளவு, நடுக்கோட்டுப் பகுதி அதைவிட ஆயிரம் கெல்வினுக்கும் மேலாகக் குளிர்ந்தது. அளவுகோலே ஒரே வெப்பநிலையில் இல்லை! ஹபிள் தொலைகாட்டியின் அளவீடு இன்று முதன்மையாக நிற்பது, எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் எச்சமான மூன்று வெண்குறளிகளின் மாதிரிகள் மீது. அவற்றின் வளிமண்டலம் ஏறத்தாழத் தூய ஐதரசன், கணக்கிடுவதற்கு மிக எளிது என்பதால் தெரிந்தெடுத்தார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேகா வடக்கே நன்றாக உயர்ந்து நிற்கும், உங்கள் கருவிக்கு அதன் சிக்கல் தெரியவும் தெரியாது. என்றாலும் சீரியஸ் இருக்கும்போது சீரியஸ்தான்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. பிரிதிறன், அதாவது எவ்வளவு நெருங்கிய இரண்டு அலைநீளங்களைப் பிரித்துக் காட்ட முடியும் என்பது. பீனிக்ஸ் கோப்பு காண்புல ஒளியில் ஐந்து இலட்சம் பிரிதிறனில் கணக்கிட்டது. உங்கள் கிரேட்டிங் நூறு, இருநூறு. கிரேட்டிங் சிதைக்காமல் விட்ட நேர்ப் பிம்பம் படத்தில் எத்தனை படவணு அகலம் என்று அளந்து, அதை நானோமீற்றராக்கி, மாதிரியை அந்த அகலத்தால் மழுக்குங்கள். பெருக்கல் எல்லாம் முடிந்த பிறகு மழுக்கலைச் செய்வது ஒழுங்கு, ஏனென்றால் ஒளியும் அந்த வரிசையிலேதான் வந்தது. கடைசியாக இரண்டையும் ஏதாவது ஓர் அலைநீளத்தில் ஒரே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நட்சத்திரத்தின் தூரமும் பருமனும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடும்.

இப்போது எதைப் பார்த்து வெப்பநிலையை முடிவெடுப்பது? மொத்தச் சரிவைப் பார்க்காதீர்கள். தூசி சிவப்பாக்கும், கமரா நீலமாக்கும், சரிவை நம்பி இறங்கினால் ஆளை ஏமாற்றிவிடும். பட்டைகளைப் பாருங்கள். திருவாதிரையின் நிறமாலையை வெட்டி வெட்டி வைத்திருப்பது தைத்தேனியம் ஒட்சைட்டு மூலக்கூறு. 517, 616, 705 நானோமீற்றர் பக்கங்களில் அதன் பட்டைத் தலைகள், அதாவது பட்டைகள் சட்டெனத் தொடங்கும் விளிம்புகள், உங்கள் சிறிய கருவியிலும் நன்றாகத் தெரியும். அவை ஆழமாக இருப்பதால் அங்கே தைத்தேனியம் குவிந்து கிடக்கிறது என்று அர்த்தமில்லை. கோட்டின் ஆழத்தை முதலில் தீர்மானிப்பது வெப்பநிலை. கல்கத்தாவின் மேகநாத் சாகா 1920 இல் தந்த அயனாக்கச் சமன்பாட்டை வைத்து, 1925 இல் சிசிலியா பெய்ன் நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஐதரசன் என்று கண்டது இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டதால்தான். தைத்தேனியம் ஒட்சைட்டு சூட்டில் உடைந்துவிடும். சில நூறு கெல்வின் குளிர்ந்தால் பட்டை சட்டென ஆழமாகும், சூடானால் ஆழம் குறையும். பட்டையின் ஆழத்தைப் பக்கத்திலுள்ள பகுதியோடு ஒப்பிட்டு அளப்பதால் தூசியும் கமராவும் பெரிதாகக் குழப்பாது.

இந்த முறையின் வலிமையை உலகம் பார்த்தது திருவாதிரையிலேதான். 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கி, 2020 பெப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே கூடுதலாக மட்டும் நின்றது. வெடிக்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையான கேள்வி வேறு: நட்சத்திரம் குளிர்ந்துவிட்டதா, அல்லது ஏதோ மறைக்கிறதா? எமிலி லெவெஸ்க்கும் பிலிப் மாசியும் அந்தப் பெப்ரவரியில் அமெரிக்காவின் லோவெல் அவதான நிலையத்தில் நிறமாலை எடுத்து, மார்க்ஸ் மாதிரிகளோடு தைத்தேனியம் ஒட்சைட்டுப் பட்டைகளை ஒப்பிட்டார்கள். 3,600 கெல்வின் வந்தது. 2004 இல் அவர்கள் எடுத்த நிறமாலை 3,650 கொடுத்திருந்தது. 50 கெல்வின் குறைவு இவ்வளவு மங்கலை விளக்கவே விளக்காது. ஆகவே பெரிய துகள்கள் கொண்ட தூசி, எல்லா நிறத்தையும் ஏறத்தாழச் சமமாக மறைக்கும் தூசி, குறுக்கே வந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த மங்கலின்போது மொன்டார்ஜே குழுவினர் சிலியின் பெருந்தொலைகாட்டியில் எடுத்து அடுத்த ஆண்டு ஆய்வாக வெளியிட்ட படங்களில் நட்சத்திரத்தின் தெற்குப் பாதி இருண்டிருந்தது. மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும், நட்சத்திரம் கக்கிய வாயுவில் தூசி உறைந்ததும் சேர்ந்து நடந்தன என்பது அவர்கள் முடிவு.

இதிலே நுணுக்கமான ஓர் இடம் இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. செம்பெருமீன்களில் தைத்தேனியம் ஒட்சைட்டுப் பட்டை கொடுக்கும் வெப்பநிலையும் முழு நிறமாலையின் வடிவம் கொடுக்கும் வெப்பநிலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 2013 இல் பென் டேவிஸ் குழுவினர் நம் பக்கத்து நட்சத்திரத் தொகுதிகளான மகெல்லன் முகில்களில் உள்ள செம்பெருமீன்களை வைத்து இதைக் காட்டினார்கள். பட்டைகள் உருவாவது வளிமண்டலத்தின் மேல் அடுக்குகளில். அந்த அடுக்குகள் கொதித்துப் புரள்பவை, நட்சத்திரத்தை விட்டு வாயு கிளம்பும் இடமும் அதுதான். அமைதியான அடுக்குகளாகக் கணக்கிடும் மாதிரி அங்கே நட்சத்திரத்தை முழுமையாகப் பிடிக்கவில்லை. அப்படியென்றால் 3,600 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்? என் பார்வையில், தனி எண்ணாக அதை 100, 200 கெல்வின் தாராளத்தோடுதான் எடுக்க வேண்டும். ஆனால் ஒரே நட்சத்திரம், ஒரே மாதிரி, ஒரே பட்டை, இரண்டு காலங்கள் என்று வரும்போது மாதிரியின் குறை இரண்டு பக்கமும் ஒரேயளவில் இருந்து பெரும்பாலும் கழிந்துபோகும். 50 கெல்வின் வித்தியாசம் என்ற முடிவு 3,600 என்ற எண்ணைவிட உறுதியானது.

மாதிரியில் இன்னும் ஒட்டாமல் நிற்கும் இடம் வெகு தூரத்தில் என்று நினைக்காதீர்கள், நம் சூரியனிலேயே இருக்கிறது. சூரியனில் ஒட்சிசன் எவ்வளவு? 1989 இல் வெளிவந்த பட்டியலில், ஐதரசனை 12 என்று வைக்கும் மடக்கை அளவில் அது 8.93. 2001 இல் 8.69 என்று வந்தது. மடக்கையை நீக்கிப் பார்த்தால் பாதிக்குக் கிட்டக் குறைந்துவிட்டது. சூரியன் மாறவில்லை. 630 நானோமீற்றரில் ஒட்சிசனின் ஒரு மெல்லிய கோட்டுக்குள் நிக்கல் கோடு ஒன்றும் ஒளிந்திருந்ததை அப்போதுதான் ஒழுங்காகக் கணக்கில் எடுத்தார்கள். அதோடு மாதிரியும் மாறியிருந்தது. சூரிய மேற்பரப்பில் சூடான வாயு மேலெழுந்து குளிர்ந்து இறங்குவதை முப்பரிமாணத்தில் கணினியில் ஓடவிட்டார்கள். பழைய மாதிரிகளில் கோடுகளின் அகலத்தைப் பொருத்தவென்றே நுண்கொந்தளிப்பு என்று ஓர் எண்ணைக் கையால் போட வேண்டியிருந்தது. முப்பரிமாணக் கணக்கில் அது தேவைப்படவே இல்லை, கோட்டின் மெல்லிய சாய்வுகூடத் தானாக வந்தது. ஆனால் சூரிய அதிர்வுகளை வைத்து அதன் உட்புறத்தை அறிபவர்களுக்கு இந்தக் குறைந்த ஒட்சிசன் ஒத்துவரவில்லை. 2022 இல் வேறொரு குழு 8.77 என்றது. இன்றும் வாதம் நடக்கிறது. கோடு அழகாகப் பொருந்திவிட்டது என்பதற்காக அளவு சரியென்று ஆகிவிடாது, வேறு வழியில் வரும் அறிவோடும் அது சேர வேண்டும்.

பின்னாளில் ஐரோப்பியத் தெற்கு அவதான நிலையம் போன்ற இடங்களின் திறந்த காப்பகத்திலிருந்து உயர் பிரிதிறன் நிறமாலை எடுத்து வேலை செய்வீர்கள் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். பீனிக்ஸ் கோப்புகளின் அலைநீளம் வெற்றிடத்துக்கு உரியது. பல அவதானிப்புகள் காற்றுக்கு உரியதைத் தரும். மாற்ற மறந்தால் நட்சத்திரம் செக்கனுக்கு 83 கிலோமீற்றர் வேகத்தில் நகர்வது போலத் தெரியும். உங்கள் தற்போதைய கருவிக்கு அது அகப்படாது.

அறிக்கைக்கு வருகிறேன். 3,300 முதல் 4,000 கெல்வின் வரை 100 கெல்வின் இடைவெளியில், ஈர்ப்பின் மடக்கை எண் பூச்சியம் உள்ள மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மேலே சொன்னபடி கமரா வரை கொண்டுவாருங்கள். மூன்று பட்டைகளுக்கும் தனித்தனியாக எந்த வெப்பநிலை நன்றாகப் பொருந்துகிறது என்று பாருங்கள். மூன்றும் ஒரே எண்ணைக் கொடுக்காவிட்டால் சராசரி எடுத்து மறைக்காமல் மூன்றையும் எழுதுங்கள், அவற்றுக்கிடையிலான இடைவெளிதான் உங்கள் உண்மையான வழு. உலோக அளவைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்தப் பிரிதிறனில் அதற்கு ஆதாரம் இல்லை. அவதானிப்பிலிருந்து மாதிரியைக் கழித்த மீதியை முழு அலைநீளத்துக்கும் தனி வரைபாகப் போடுங்கள், 687 பக்கத்துப் பள்ளத்தையும் அழிக்காமல் ஒட்சிசன் என்று பெயரெழுதி விடுங்கள். ஏப்ரல் தொடக்கம் வரை திருவாதிரை மாலையில் மேற்கே போதிய உயரத்தில் இருக்கும். அதற்குள் இன்னும் சில இரவுகளில், திருவாதிரையையும் சீரியஸையும் சோடியாக எடுத்து, அதே மாதிரி, அதே பட்டைகளோடு திரும்பச் செய்யுங்கள். மேற்கே இறங்கிய பிறகு எடுத்தால் இரண்டுக்குமான காற்றுத் தடிப்பு வேறுபடும், அதை மட்டும் அப்போது கணக்கில் சேர்க்க வேண்டும். அறிக்கையின் முதல் பக்கத்தில் போட வேண்டியது அந்த இரவுகளுக்கு இடையிலான வித்தியாசத்தை. 3,600 என்றோ வேறு எதுவென்றோ வரும் தனி எண் அதற்குக் கீழே, அதன் வழுவோடு வரட்டும்.